கார்ட்டன் பெட்டியில் ஒரு தோட்டா

தம்பி கார்த்தி,

இரண்டு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் நீ நடுநடுவே "சரிப்பா, சரிப்பா" என்பாய். இரண்டாவது "சரிப்பா"விலேயே எனக்கு வாய் அடைத்துப்போகும். அதனால் எழுதுகிறேன். இது இந்த வீட்டுப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன பள்ளி நோட்டு. அரபிக்காரர்கள் வலமிருந்து எழுதுகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு முதல் பக்கம் எதுவோ அது எனக்குக் கடைசிப் பக்கம். முன்னால் எவனோ கணக்குப் பாடம் போட்டு வைத்திருக்கிறான், பின்னாலிருந்து நான் வருகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி. சிக்னலில் நிற்கும்போது படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு என்று மருமகள் நித்யா சொல்லியிருக்கிறாள். இதை அப்படிப் படிக்காதே.

சலாலாவில் சாரல் முடியப்போகிறது. துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் மழையைப் பார்க்க வந்த வண்டிகளெல்லாம் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர்க்காரன் மழை வந்தால் குடையைத் தேடுவான், இவர்கள் காரைவிட்டு இறங்கிப் போய் நனைவார்கள். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்தும் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கிறது. இந்த வருடம் சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை. என்னை இங்கே கொண்டுவந்து வேலை கொடுத்த கஃபீல் அபு சயீத் இறந்து மூன்று வருடமாகிறது. அவர் மனைவி மஸ்கட்டில் மூத்த மகன் சயீத்தோடு போய்விட்டார். இந்தப் பெரிய வீட்டில் கேட்டுக்குப் பக்கத்து டிரைவர் ரூமில் நான், ஷெட்டில் அவருடைய வண்டி, அவ்வளவுதான். தினமும் காலையில் பேட்டரி செத்துவிடக் கூடாதென்று வண்டியை ஸ்டார்ட் செய்து மீன் மார்க்கெட் வரை ஓட்டிவிட்டு வருவேன். ஏறியதும் கை தன்னால் கண்ணாடியைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்க்கும். யாரும் இருக்க மாட்டார்கள். பேச்சுத் துணைக்குக்கூட ஓர் ஆள் இல்லாமல் இப்படி ஒரு காலம் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சயீத் போன வாரம் வந்து, "கலாஸ் பாபா, போதும், இனிமேல் பிள்ளையோடு போய் இரு" என்று சொல்லிவிட்டான். என் விசாவை அடுத்த மாதம் முடித்துவிடுவார்கள். நீ எடுத்துக் கொடுத்த அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்துவிட்டது. ஊருக்குப் போய் உன் அம்மா இல்லாத வீட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் நேரே உன்னிடம் வருவதாகத்தான் முடிவு செய்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் உன் போட்டோ வந்தது.

கருப்புக் கார். பானெட்டில் உன் இடது கை, வலது கையில் கைத்துப்பாக்கி. கீழே, "உங்க பழைய போட்டோ மாதிரியே இருக்குல்லப்பா?" என்று எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை. மறுநாள் நித்யா வீடியோவில் கூப்பிட்டாள். வீட்டு வாசலில் கார் நின்றது. நம் யாழினி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, ஐ வில் ஷோ யூ மை கேண்டி" என்று டேஷ்போர்டைத் திறந்தாள். நாலு வயதுக் கை. கைக்குட்டை, பேப்பர், கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் அது. நித்யா "ஏய்!" என்று கத்தியது கேட்டது. போன் கீழே விழுந்து கொஞ்ச நேரம் எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. பிள்ளை அழுதாள். நீ வந்து போனை எடுத்து, "ஒண்ணுமில்லப்பா, எப்பவும் பூட்டித்தான் வப்பேன், இன்னைக்கு மறந்துட்டேன்" என்றாய். அதற்குப் பிறகு சட்டம் பேசினாய். கிரீன் கார்டு கிடைத்துவிட்டதால் வாங்கலாம், சொந்தக் காருக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே தெரியக் கூடாது, லைசென்ஸ்கூட வேண்டியதில்லை என்றாய். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "மறந்துட்டேன்" என்ற ஒரு சொல் மட்டும்தான் ஏறியது.

உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. உன்னோடு வேலை பார்க்கிற பையனை பார்க்கிங்கில் மடக்கிப் பர்ஸையும் சாவியையும் பிடுங்கினார்கள் என்று சொன்னாய். நடுரோட்டில் ஒருவன் கண்ணாடியை இறக்கி உன்னிடம் துப்பாக்கியைக் காட்டினான் என்று நித்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ சொல்லவில்லை. தெரியாத ஊரில் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு பயப்படாதவன் யார்? ஆனால் உனக்கு இதில் பயம் மட்டும் இல்லை, தம்பி. அந்தப் போட்டோவில் உன் முகத்தைப் பார்த்தேன். பயந்தவன் முகம் அப்படி இருக்காது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் முதலில் அது என் முகம்.

நம் வீட்டு டிவி மேல் இருந்த என் போட்டோவைத்தான் சொல்கிறேன். நான் வந்த மூன்றாம் வருடம் எடுத்தது. மலையடிவாரத்தில் பெரிய வண்டி, அதில் சாய்ந்துகொண்டு நான், தோளில் நீளத் துப்பாக்கி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தெருவே வந்து பார்த்ததாக உன் அம்மா எழுதினாள். உன் வாத்தியார்கூட வீட்டுக்கு வந்து பார்த்தாராம். நான் பாலைவனத்தில் காவல் அதிகாரி மாதிரி வேலை பார்க்கிறேன் என்று ஊரில் பேச்சு, அதை நான் மறுக்கவும் இல்லை. உண்மை என்ன தெரியுமா? துப்பாக்கி அபு சயீத்துடையது. அவருடைய வாப்பா காலத்தது. போட்டோவுக்காக இரண்டே நிமிடம் உறையைக் கழற்றிக் காலி துப்பாக்கியை என் தோளில் மாட்டிவிட்டு, தோட்டாக்களை அவர் தன் உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஊரில் அந்தப் போட்டோ இன்னும் இருந்தால் இடது ஓரத்தைப் பார். வெள்ளை அங்கியின் நுனி கொஞ்சம் விழுந்திருக்கும். அவர்தான் அது. கண்ணாடியும் அவருடையதுதான். என்னுடையது அதில் ஒன்றுமே இல்லை, மீசையைத் தவிர.

இங்கே மலைச்சாதி ஆட்களுக்குத் துப்பாக்கி என்பது நம் ஊரில் பட்டு வேட்டி மாதிரி. கல்யாணம், பெருநாள் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று பாடுவார்கள். ஆனால் அதை வண்டியில் கொண்டுபோவதில் அபு சயீத் வைத்திருந்த ஒழுங்கை நீ பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கி உறைக்குள் பின்சீட்டின் பின்னால் இருக்கும். தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில், அவர் மடியில். லைசென்ஸ் காகிதம் சட்டைப் பையில். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம்: லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால், துப்பாக்கி இருக்கிற வண்டியில் நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. வழியில் ரொட்டி வாங்க என்னை அனுப்பினால், "தும் ஜாவ், மே இதர்", நீ போ, நான் இங்கேயே என்று அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டு அவர் வண்டியை விட்டு அசைய மாட்டார். வண்டியைக் கழுவக் கொடுக்க வேண்டுமென்றால் துப்பாக்கியையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு இறங்கி, நான் திரும்பி வரும்வரை வெயிலில் நிற்பார். பெரிய மனுஷன், பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர், பெட்ரோல் பங்க் சுவரோரம் துப்பாக்கியோடு வேர்த்து வழிந்துகொண்டு நிற்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். இரும்புக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைப்பேன்.

எனக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் சீட், மிதியடி எல்லாம் எடுத்துத் தட்டி வண்டியைச் சுத்தம் செய்வேன். கிடைக்கிற பொருளை, அது ஹேர்பின்னாக இருந்தாலும் சரி, பென்சில் துண்டாக இருந்தாலும் சரி, ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்து வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் கொடுத்துவிடுவேன். வீட்டு டிரைவர் வேலையில் நல்ல பேர் என்பது அந்த டப்பாதான். இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் அதில் போடாமல் விட்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று மதுரையில் நாள் குறித்துவிட்டார்கள். அதற்காக அபு சயீத் எனக்கு நாற்பது நாள் லீவு கொடுத்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். இதை மறுபடி ஒரு தரம் படித்துக்கொள். அவர் லீவு கொடுத்தார். கிளம்புவதற்கு முன் போன் பூத்திலிருந்து பேசினேன். அம்மாவிடம் பேசி முடித்ததும் நீ வாங்கினாய். "அப்பா, எனக்கு நிஜ புல்லட் ஒண்ணு கொண்டாங்கப்பா. கிளாஸ்ல எவனும் நம்ப மாட்டேங்குறான். போட்டோக்காக வாடகைத் துப்பாக்கிய மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களாம்." எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பயல் சொன்னது முக்கால்வாசி உண்மை, அதனால்தான் அப்படித் தைத்தது. "கொண்டாறேன்டா, எவன்னு சொல்லு, அவன் கண்ணுல காட்டுவோம்" என்றேன். நீ அதை மறந்திருப்பாய். மறந்திருந்தால் நல்லது, நான் மறக்கவில்லை.

அந்த வாரம் மலையில் அபு சயீத்தின் தம்பி மகனுக்குக் கல்யாணம். வானத்தைப் பார்த்துச் சுடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியும் கேட்காமல் இளவட்டங்கள் சுட்டார்கள். களேபரத்தில் பிஸ்கட் டப்பா வண்டிக் கதவோரம் கவிழ்ந்ததாம். பொறுக்கி எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைகிறது என்று அபு சயீத் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து தேடினார். மறுநாள் நான் சுத்தம் செய்யும்போது சீட் கம்பிக்கு அடியில் அது கிடந்தது. தங்க நிறம், என் நடுவிரல் நீளம். துப்பாக்கிதானே ஆபத்து, இது வெறும் பித்தளைதானே என்று நினைத்தேன். அவரிடம் கேட்டிருந்தால் தர மாட்டார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அவர் சாயங்காலம் வந்து, "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார். "மாஃபி" என்றேன். இல்லை என்று. அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

கார்ட்டன் கட்டுவது எப்படி என்று உனக்குத் தெரியும், நம் வீட்டுப் பரணில் இன்னும் நாலைந்து கிடக்கும். போர்வை, பால்பவுடர், தைலம், சோப்பு, உனக்கு டார்ச் லைட், அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து போட்டுக்கொள்ள இரண்டு நைட்டி. தோட்டாவை ஒரு சாக்ஸில் சுற்றிப் பால்பவுடர் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். கயிறு கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டி மெஷினுக்குள் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. பிறகு இரண்டு பேர் வந்து கயிற்றை அறுத்தார்கள். அம்மாவின் நைட்டியை மேஜைமேல் விரித்துப் போட்டு அதன்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். சாக்ஸைக் கவிழ்த்ததும் அது உருண்டு வந்து நின்றது. அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கி, "ஹாதா மால் மின்?" என்றார். இது யாருடையது, யாருக்கு? எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன்: "ஹாதா மால் வலத்." இது பையனுக்கு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வலத்?" என்று மறுபடி கேட்டார். ஆமாம், என் பையன், பன்னிரண்டு வயது, விளையாட, என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது. உயிருள்ள தோட்டாவைப் பிள்ளைக்கு விளையாடக் கொண்டுபோகிறேன் என்று ஒரு தகப்பன் சொன்னால் யார் நம்புவார்கள்? விமானம் என் கண் முன்னால்தான் கிளம்பியது.

பதினோரு நாள் உள்ளே இருந்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மோசமாக நடத்தவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது. ஆனால் ஐந்தாம் நாள் உன் அம்மாவுக்கு ஆபரேஷன். மதுரை ஆஸ்பத்திரியில் நீ மாமாவோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். நல்லபடியாக முடிந்ததா, கண் விழித்தாளா என்று கேட்க எனக்கு ஒரு வழியும் இல்லை. அந்த அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. நான் அழுததற்கு என்ன காரணம் என்று அவர்களிடம் சொல்லக்கூட எனக்கு மொழி இல்லை. என் வாழ்நாளில் அதைப் போலத் தனியாக நான் இருந்ததில்லை, இப்போது இந்த ரூமில் இருப்பதைச் சேர்த்தும்தான் சொல்கிறேன்.

அபு சயீத் முதல் நாளே வந்துவிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டினார் பார், அவ்வளவு கோபத்தை நான் அவரிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "தேடினேனே, மண்ணில் உட்கார்ந்து தேடினேனே, நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?" என்றார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் அங்கிருந்து நேரே அதிகாரியிடம் போய், தோட்டா என் துப்பாக்கியுடையது, என் கவனக்குறைவில் வண்டியில் விழுந்தது, இவன் திருடன் இல்லை, முட்டாள் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு மூன்று தரம் அலைந்தார். அவருடைய லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள், அந்தத் துப்பாக்கியும் போனது. வாப்பா விட்டுப்போன துப்பாக்கி. பிறகு மலையில் கல்யாணம் என்றால் எல்லோரும் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, இவர் மட்டும் வெறுங்கையோடு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். நான் வண்டிக்குள் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேஸ் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வர நாலு மாதமானது. அதற்குள் அம்மா எழுந்து நடமாடி, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வெளியே வந்ததும் ஊருக்குப் போன் செய்து, "கஃபீல் கடைசி நேரத்தில் லீவு தர மாட்டேன் என்று பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்" என்று எல்லோருக்கும் சொன்னேன். கல்ஃபில் இருப்பவன் சொன்னால் யாரும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிற பொய் அது ஒன்றுதான். அம்மாவிடம் மட்டும் நாலு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது உண்மையைச் சொன்னேன். "சொல்லிருங்களேன், புள்ளை உங்களைத் தப்பா நெனைக்கிறான்" என்றாள். "நெனைச்சுட்டுப் போறான். தன்னாலதான் அப்பன் ஜெயிலுக்குப் போனான், ஆத்தா தனியாக் கிடந்தாள்னு நெனைக்கிறதுக்கு இது தேவலை" என்றேன். அவள் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. உன் கல்யாணத்தில் பந்தி விஷயமாக நமக்குள் சண்டை வந்தபோது, "அம்மா ஆபரேஷனுக்கே வராத ஆளு நீங்க, இதுல என்ன பேச வந்துட்டீங்க" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி எழுந்து போனேன்.

உன்னிடம் பொய் சொன்னதற்குக்கூட நான் என்னை மன்னித்துக்கொள்வேன், பிள்ளைக்காகச் சொன்னது. ஆனால் அபு சயீத் இறந்த அன்று உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? என் குரல் உடைந்தது. நீ, "அந்தாளுக்கா அழறீங்க? லீவு குடுக்காம நம்ம குடும்பத்தக் கெடுத்தவன் போய்ச் சேந்தான்னு விடுங்கப்பா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்காகத் தன் தகப்பன் துப்பாக்கியை விட்டுக்கொடுத்த மனுஷனை என் பிள்ளை வாயால் வைய வைத்துவிட்டு, "சரிப்பா" என்று போனை வைத்தேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். நீ இந்தக் கடிதத்தில் வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, அவரைப் பற்றி மனதில் வைத்திருப்பதை மட்டும் எடுத்துவிடு.

இன்னொன்று. உன் மஞ்சள் கால்பந்து. தோல் உரிந்து, ஒட்டுப் போட்டு, பத்தாம் வகுப்பு வரை வைத்து விளையாடினாயே, அது. நாலு மாதம் கழித்து நான் கிளம்பிய அன்று அபு சயீத் என் கார்ட்டனை நடுக்கூடத்தில் பிரிக்கச் சொல்லி ஒவ்வொரு பொருளாகத் தானே எடுத்துப் பார்த்தார். முடித்துவிட்டுக் கடைசியில் அந்தப் பந்தைக் காற்றை இறக்கி மேலே வைத்தார். "இது மால் வலத். இதை யாரும் பிடிக்க மாட்டார்கள்" என்றார். சிரிக்கவில்லை. நான் வாங்கியது என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய்.

இப்போது உனக்கு முப்பத்து நாலு வயது, யாழினிக்குத் தகப்பன். அன்றைக்கு உன் தலையில் வைக்க வேண்டாம் என்று நினைத்த பாரத்தை இன்று நீ தூக்கலாம். நீ கேட்டது தப்பில்லை, பன்னிரண்டு வயதுப் பையன் எதையும் கேட்பான். வெட்டிப் பெருமைக்காகத் தோளில் காலித் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நின்றவன் நான், அதை நிரூபிப்பதற்காகத் தோட்டாவைத் திருடியவனும் நான். அந்தப் போட்டோவை நீ பார்த்து வளர்ந்தாய். அதற்குப் பின்னால் இருந்த ஏர்போர்ட்டையும் கம்பியையும் நான் மறைத்துவிட்டேன். அதனால்தான் உன் போட்டோவுக்கு இரண்டு நாளாக எனக்குப் பதில் போட முடியவில்லை.

உன் ஊர்ச் சட்டத்தை நான் படித்தவன் இல்லை. வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லலாம். ஆனால் அபு சயீத் பெட்ரோல் பங்க் வெயிலில் நின்றது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது புரிகிறது. வண்டி என்பது மறக்கிற இடம், தம்பி. இதை நான் வாழ்நாள் முழுக்க வண்டி சுத்தம் செய்தவனாகச் சொல்கிறேன். குடை, மருந்துச் சீட்டு, பிள்ளையின் ஒரு கால் செருப்பு, நிச்சயதார்த்த மோதிரம்கூடச் சீட்டுக்கு அடியில் கிடந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தனை கவனமான அபு சயீத் டப்பாவிலிருந்தே ஒன்று விழுந்தது. நீ அவரைவிடக் கவனமானவனா? ஒரு நாள் மறந்தாய், அன்றைக்கு நித்யா பக்கத்தில் இருந்தாள். அடுத்த நாள் மறக்கும்போது யார் இருப்பார்கள்?

அடுத்த மாதம் நீ ஏர்போர்ட்டுக்கு வருவாய். இந்த முறை கார்ட்டன் இல்லை, ஒரு பெட்டி மட்டும்தான். அதில் யாழினிக்கு ஒரு மஞ்சள் பந்து இருக்கும், காற்று இறக்கி. காரில் ஏறியதும் நான் டேஷ்போர்டைத் திறந்து பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே, தொழில் பழக்கம். உள்ளே அது இருந்தால் நான் இறங்கி வெளியே நிற்பேன், வெயிலோ பனியோ, அபு சயீத் நின்றது மாதிரி. பிடிவாதக்காரக் கிழவன் என்று நித்யாவிடம் சொல்லிச் சிரித்துக்கொள். ஆனால் நிற்கத்தான் செய்வேன்.

அந்த மேஜையில் அதிகாரி கேட்டதை நான் இந்த இருபத்திரண்டு வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது நாளைக்கு உன் டேஷ்போர்டில் இருப்பதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது யாருக்கு என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? என் குடும்பத்துக்கு, என் பிள்ளைக்கு என்றுதான் சொல்வாய். உண்மையாகத்தான் சொல்வாய். நானும் அன்றைக்கு உண்மையாகத்தான் சொன்னேன்.

எடுத்துவிடு, தம்பி. நான் உன்னைச் சுமந்து போனது உண்டு, நீ ஓட்டி நான் உட்கார்ந்தது இதுவரை இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

அப்பா